தோணிக்கு ஒரு சிறு மின்விசை

வேம்பநாட்டுக் காயலின் கரையில் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பிழைப்பை நாடி வந்த ஊரில் நாம் எதை எதையோ பழகிக்கொள்கிறோம். நான் பழகிக்கொண்டது தோணி. பதினாறு அடி நீளமுள்ள ஒடுங்கிய மரத் தோணி. மலையாள நண்பர்கள் கொச்சு வள்ளம் என்பார்கள். ஞாயிறுதோறும் விடியற்காலையில் அதில் புறப்பட்டு, தூண்டில் போட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வலத் தோள்மூட்டு இறுகிப்போயிற்று. துடுப்பை நான்கு முறை இழுத்தால் ஐந்தாம் முறைக்குக் கை எழாது. தோணி தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கோழிகள் ஏறி நின்றன.

“மோட்டார் வைத்துவிட்டால் என்ன, அப்பா?” என்றான் மகன். எனக்குச் சிரிப்பு வந்தது. 1980களில் கேரளத்து மீனவர் தம் வள்ளங்களில் மண்ணெண்ணெய்ப் பொறிகளைப் பொருத்தத் தொடங்கினர். அவற்றின் இரைச்சலும் புகையும் கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும். கடலில் அலையை வெல்ல வேண்டியவர்களுக்கு அது தேவை. என் தோணியோ அந்தப் பொறியின் அதிர்ச்சியையே தாங்காது. அவன் கருதியது வேறு: மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார். ஓடும் படகின் பின்னே தூண்டில் நூலை மெல்ல இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். அதற்கென அமைந்ததால் இதை ட்ரோலிங் மோட்டார் என்கிறார்கள்.

இது புதுமை என்று எண்ணியிருந்தேன். பார்த்தால், 1881இலேயே குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஒரு சிறு படகை மின்விசையால் ஓட்டிக் காட்டியிருக்கிறார். விசிறியைச் சுக்கானிலேயே அமைத்து, தேவையானபோது கழற்றி எடுத்துச் செல்லும்படி செய்திருந்தாராம். தூண்டிற்காரர்களுக்கான மோட்டார் 1934இல் அமெரிக்காவில் வந்தது. அதைச் செய்த நிறுவனம் மின்னசோட்டா, டக்கோட்டா என்ற இரு மாநிலங்களின் பெயர்களை ஒட்டி ‘மின் கோட்டா’ என்று பெயர் வைத்துக்கொண்டது.

இந்த மோட்டார்களைத் தள்ளுவிசையைக் கொண்டு பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். நாங்கள் வாங்கியது 30 பவுண்டு. அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரைக் கிலோ எடை அழுத்தும் அளவுக்குத் தள்ளும். முழு வேகத்தில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பாருங்கள், 360 வாட். அரைக் குதிரைத் திறன்கூட இல்லை. “55 பவுண்டாக வாங்குவோம், அப்பா” என்று மகன் பிடிவாதம் பிடித்தான். நான் இசையவில்லை. நீரைப் பிளந்து செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் அடங்கியது. படகு நீளமானால் அலையும் நீளும், வேகமும் கூடும். பதினாறு அடித் தோணிக்கு மணிக்குப் பத்துக் கிலோமீட்டரை ஒட்டி அந்த எல்லை வருகிறது. அதை நெருங்கும்போது விசையைக் கூட்டினால் அலைதான் பெரிதாகும். மேலும் இந்த மோட்டார்களின் விசிறி மெதுவான ஓட்டத்துக்கென்றே அமைந்தது. ஒடுங்கிய தோணிக்குப் பெரிய மோட்டார், சிறு வண்டிக்கு யானையைப் பூட்டியதுபோல.

இதே கணக்கு மறுபுறம் நமக்கு நன்மையாக முடிகிறது. தேவையான விசை, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு விசையே போதும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். முழு வேகத்தில் அந்தப் பாதி ஒன்றே முக்கால் மணி நேரங்கூட வராது. 10 ஆம்பியர் இழுக்கும்படி மெல்லச் சென்றால் ஐந்து மணி நேரம் வரும். மீனுக்கும் அந்த வேகமே பிடிக்கிறது.

முதல் ஞாயிறன்று நடந்ததைச் சொல்ல நாணமாக இருக்கிறது. மோட்டார் எட்டொன்பது கிலோ, மின்கலம் இருபத்தேழு கிலோ, நான் எழுபது கிலோ; மூன்றும் பின்கோடியில். கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காலையில் இது தெரியவில்லை. பத்து மணிக்கு மேற்கிலிருந்து காற்று எழுந்ததும், உயர்ந்து நின்ற முன்பக்கத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. கரையை நோக்கித் திருப்பத் திருப்பத் தோணி நடுக்காயலையே நோக்கியது. முன்னே நகரலாம் என்று எழுந்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்பின் வழியே தண்ணீர் உள்ளே வந்தது. அந்த நேரத்தில் மனைவியும் மக்களும்தான் கண்முன் வந்தார்கள். கக்கா வாரும் முதியவர் ஒருவர் தம் வள்ளத்தைக் கழிகொண்டு தள்ளி வந்து என்னைக் கரை சேர்த்தார். “பாரத்தையெல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், சாரே” என்றார் மலையாளத்தில். மோட்டாரை அவர் அன்றுதான் முதன்முதல் பார்த்தார்.

அதன்பின் மின்கலம் முன்பக்கத்துக்குப் போயிற்று. மூடியுள்ள பெட்டியில் வைத்து, தோணி சாய்ந்தாலும் நகராதபடி அடிப்பலகையோடு பட்டையால் கட்டியிருக்கிறேன். தூரம் கூடியதால் தடித்த செம்புக் கம்பி வேண்டும். மெல்லிய கம்பி சூடேறும், விசையும் வழியிலேயே குறையும். மின்கலத்தை ஒட்டியே தானாக மின்னோட்டத்தை அறுக்கும் பிரேக்கர் ஒன்று கட்டாயம். மோட்டாரைத் தோணியின் கூரிய நுனியில் மாட்ட முடியாது. எனவே விளிம்புக்கு விளிம்பு குறுக்கே கடினமான பலகையைப் பொருத்தி, அதன் நுனியில், நான் உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னே பக்கவாட்டில் மாட்டினேன். ஒரு பக்கமாகத் தள்ளுவதால் தோணி சிறிது திரும்பத்தான் பார்க்கும். கைப்பிடியை இம்மியளவு திருப்பி வைத்தால் சரியாகிவிடுகிறது. கயாக் போன்ற இலேசான படகு வைத்திருப்பவர்கள் லித்தியம் மின்கலத்தை எண்ணிப் பார்க்கலாம். எடை பாதிக்கும் குறைவு, விலைதான் மிகுதி.

எங்கள் காயலுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 1970களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே உப்புநீர். அணை அடைத்திருக்கும் மாதங்களில் தெற்கே நன்னீர். நன்னீருக்குச் செய்த மோட்டார் வடக்கே அரித்துப்போகும். உப்புநீருக்கென்றே தனி வகை இருக்கிறது. அதில் துத்தநாகத் துண்டு ஒன்று மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைகிறது. அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். தெற்கே அரிப்பு இல்லை, ஆனால் ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொள்ளும். கை விட்டு எடுக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுக.

வைக்கம் என்றால் நமக்குப் பெரியார் நினைவுக்கு வருவார். அந்த வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்ற சூரிய மின்விசைப் படகு 75 பேரை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. அதைப் பார்த்த பின்னரே மின்விசையைப் பற்றி வீட்டாருக்கு நம்பிக்கை பிறந்தது.

பொறி வைத்தபின் அது வெறும் துடுப்புத் தோணி அன்று. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவு தேவையா என்பதை, வாங்குமுன்பே உரிய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். உயிர்காப்புச் சட்டை அணிவதையும், துடுப்பை உடன் கொண்டுபோவதையும் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அது மருமகளின் பொறுப்பு.

பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரலாம். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். பத்து மணிக் காற்றுக்கு முன் திரும்பிவிடுவோம்.