ஐம்பதிலும் வளையும்!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. பையன் படிக்காமல் ஊர் சுற்றினால் சொல்வார்கள். பெண் எதற்கெடுத்தாலும் அழுதால் சொல்வார்கள்.

வளையுமா, வளையாதா?

அமெரிக்காவில் சிலர் இதைக் கூடவே இருந்து பார்த்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. 80 வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்!

268 மாணவர்கள்

1938-ம் ஆண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்லி பாக் என்ற டாக்டர் இருந்தார். "நோயாளிகளைப் பற்றியே படிக்கிறோமே, நன்றாக இருப்பவர்களைப் பற்றிப் படித்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியது. வில்லியம் கிராண்ட் என்ற கடை முதலாளி பணம் கொடுத்தார்.

சில ஆண்டுகளில் 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பை அளந்தார்கள். கையெழுத்தைக்கூட ஆராய்ந்தார்கள். ஒரு பெண்மணி அவர்கள் வீடுகளுக்குப் போய், "குழந்தையில் இவன் எப்படி?" என்று தாய்மார்களை விசாரித்தார்.

உடல்வாகைப் பார்த்தே ஒருவன் முன்னுக்கு வருவானா என்று சொல்லிவிடலாம் என அப்போது நம்பினார்கள். அந்த எண்ணம் பலிக்கவில்லை. அகன்ற மார்பு வாழ்க்கையில் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை!

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியும் இந்த மாணவர்களில் ஒருவர்.

சேரிப் பையன்கள்

"பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

அதே சமயத்தில் போஸ்டன் நகரின் ஏழைத் தெருக்களில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவர்கள் கிளூயெக் தம்பதிகள். குற்றம் செய்து பிடிபட்ட 500 சிறுவர்களையும், அதே மாதிரித் தெருக்களில் வளர்ந்தும் கெட்டுப்போகாத 500 சிறுவர்களையும் ஒப்பிட்டார்கள். கெட்டுப்போகாதவர்களில் 456 பேர் பிற்பாடு ஹார்வர்டு ஆராய்ச்சியோடு சேர்க்கப்பட்டார்கள். பலருடைய வீட்டில் நல்ல தண்ணீர் வசதிகூடக் கிடையாது.

இந்த ஏழைப் பையன்களில் சிலர் எப்படியோ கல்லூரி வரை படித்துவிட்டார்கள். 70 வயதில் அவர்களுடைய உடல்நிலை ஹார்வர்டில் படித்தவர்களின் உடல்நிலைக்குச் சமமாக இருந்தது!

ஆரம்பத்தில் பெண்களை எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரிய குறைதான். மனைவிமார்களைச் சேர்த்துக்கொண்டது வெகு காலம் கழித்துத்தான்.

"இது நான் இல்லை!"

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் போகும். வேலை எப்படி? மனைவியுடன் ஒற்றுமையா? குடிப்பழக்கம் உண்டா? ஒளிவுமறைவு இல்லாமல் பதில் எழுத வேண்டும்.

1972 முதல் 2004 வரை ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநோய் மருத்துவர். ஒரு சமயம் வயதான ஒருவருக்கு, அவருடைய பழைய குறிப்புகளையே எழுதி அனுப்பினார். "ஆள் மாறி அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த அளவுக்கு மனிதர் மாறியிருந்தார்!

என்ன மாறுகிறது? வாலிபத்தில் துன்பம் வந்தால் பழியை அடுத்தவர் மேல் போடுகிறோம். அல்லது கதவை அறைந்து சாத்துகிறோம். பகற்கனவு காண்கிறோம். நடு வயதில் பலருக்கு அதே துன்பத்தைப் பார்த்துச் சிரிக்க வருகிறது, பொறுக்க வருகிறது. தான் பட்ட பாடு இன்னொருவன் படக்கூடாது என்று உதவி செய்ய வருகிறது. இது யாரும் உட்கார வைத்துப் போதித்து வந்தது அல்ல.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. குறுக்கே நின்ற பெரிய எதிரி குடி. ஹார்வர்டு மாணவர்களின் விவாகரத்துகளில் முக்கிய காரணம் அதுதான். "மனக்கவலையால் குடிக்கிறேன்" என்பார்கள் அல்லவா? பல வருடக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், குடி முதலில் வந்திருக்கிறது. கவலை பின்னால் வந்திருக்கிறது!

நோய் கொடுத்த வாழ்வு

வேலன்ட் தம் புத்தகத்தில் ஒருவருடைய கதையைச் சொல்கிறார். காட்ஃப்ரி கேமில் என்பது அவருக்கு வைத்த புனைபெயர்.

பெற்றோருக்கு வசதி உண்டு. பாசம் இல்லை. யாரோடும் பழகாதவர்கள், எல்லோரையும் சந்தேகிப்பவர்கள். பையன் தனியாகவே வளர்ந்தான். கல்லூரியில் தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். பரிசோதித்தால் ஒன்றும் இருக்காது. டாக்டர்களுக்கே அலுத்துப்போயிற்று. மாணவர்களுக்குப் போட்ட மார்க்கில் இவனுக்குக் கடைசி வரிசைதான்.

மருத்துவம் படித்து முடித்தார். ஆனால் மனம் தேறவில்லை. ஒரு முறை உயிரை விடவும் துணிந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

35-வது வயதில் காசநோய் வந்தது. 14 மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கை. வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். கேமிலுக்கோ உள்ளூர நிம்மதி! வேளைக்குச் சாப்பாடு, அன்பாக விசாரிக்க ஆள். குழந்தையில் கிடைக்காதது 35 வயதில் கிடைத்தது.

வெளியே வந்தவர் வேறு மனிதர். சொந்தமாக மருத்துவமனை நடத்தினார். கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண்களுக்குப் பாசமுள்ள தகப்பனார் ஆனார். நடுவில் அந்த மணவாழ்வு முறிந்தது உண்மை. ஆனாலும் பழைய நிலைக்கு அவர் திரும்பவில்லை. வயது ஏற ஏற நண்பர்கள் பெருகினார்கள்.

82-வது வயதில் ஆல்ப்ஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். 82 வயதில் மலையேற்றம்!

50-ல் தெரியும் 80

வேலன்டுக்குப் பிறகு ராபர்ட் வால்டிங்கர் என்ற டாக்டர் பொறுப்பேற்றார். 80 வயதில் திடமாக இருந்தவர்களின் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 50 வயதில் ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, 50 வயதில் உற்றார் உறவோடு எவ்வளவு மனநிறைவாக இருந்தார்கள் என்பதே சரியாக வழி காட்டியது.

கணவன் மனைவிக்குள் சண்டையே இருக்கக்கூடாது என்று அர்த்தம் அல்ல. தினமும் சண்டை போட்ட ஜோடிகளும் உண்டு. "ஆபத்து என்றால் இவர் என்னைக் கைவிட மாட்டார்" என்ற நம்பிக்கை இருந்தவர்களுக்கு ஞாபகசக்தி மங்காமல் இருந்தது.

முதலில் சேர்ந்த மாணவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், ஆயிரம் பேருக்கு மேல், இப்போது கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறார்கள். "உங்கள் தகப்பனார் எப்படிப்பட்டவர்?" என்பதும் அவர்களிடம் கேட்கப்படுகிறது.