ஒலித்தட்டில் பதிந்த உரையாடல்

உளவளத்துணை நெடுங்காலம் மூடிய கதவுக்குள் நிகழ்ந்த பணி. உள்ளே நடந்தவற்றுக்குத் துணையாளர் பின்னர் நினைவிலிருந்து எழுதிய குறிப்பே சான்று. அக்கதவை ஆய்வுக்குத் திறந்துவிட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1940களின் தொடக்கத்தில், ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், அவரும் மாணவர்களும் உளவளத்துணை உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிந்தனர். தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பேச்சே அடங்கும். அவ்வாறு பதிந்த எட்டுச் சந்திப்புகளைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கி, துணைநாடியின், அதாவது உதவி நாடி வந்தவரின், பெயரை மாற்றி, 1942இல் தம் நூலில் வெளியிட்டார்.

பதிவுகளின் சொற்களை எண்ணியபோது ஒன்று புலப்பட்டது. வழிகாட்ட முனையும் துணையாளர், துணைநாடியைப் பேசவிடுபவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு சொற்களைப் பேசியிருந்தார். நன்மை செய்யும் ஆர்வம் நாவில்தான் முதலில் ஏறும் போலும்!

எனினும் செவிமடுத்தல் என்பது வாளாவிருத்தல் அன்று. "வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை" என்கிறான் ஓர் இளைஞன் எனக் கொள்வோம். "பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசு" என்பது அக்கம்பக்கத்தார் தரும் மறுமொழி. துணையாளரோ, "வீட்டை நினைத்தாலே சலிப்பாக இருக்கிறதா?" என்கிறார். அவன் தயங்கி, "சலிப்பில்லை... அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான்" என்கிறான். கணிப்பு பிழைத்தது, பணி நடந்துவிட்டது. துணையாளர் கூறியது தீர்ப்பன்று, கருதுகோள். அதைக் கொள்ளவோ தள்ளவோ உரியவர் துணைநாடி ஒருவரே. தள்ளும்போதுதான் தம் உணர்வுக்குரிய சொல்லை அவர் தாமே கண்டடைகிறார். இம்முறையின் உயிர்நிலை இதுவே என்பேன்.

துணையாளரையே திருத்தும் துணிவு எங்கிருந்து வரும்? உள்ளொன்று புறமொன்று இல்லாமை, நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு ஆகிய மூன்றும் துணையாளரிடம் வேண்டும் என 1957இல் ரோஜர்ஸ் வரையறுத்தார். பாடநூல்கள் இம்மூன்றோடு நின்றுவிடுவதுண்டு. அவரது பட்டியலின் கடைசி நிபந்தனை அதைவிடக் கடுமையானது: துணையாளரின் மதிப்பும் ஒத்துணர்வும் துணைநாடிக்குச் சிறிதளவேனும் எட்டியிருக்க வேண்டும். நெஞ்சில் அன்பிருந்து, எதிரில் இருப்பவர் அதை உணராவிட்டால் பயனில்லை.

இவை மட்டுமே போதும் என்ற அவரது துணிபை உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1959இல் மறுத்தார். 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின், துணையாளருக்கும் துணைநாடிக்கும் இடையிலான பிணைப்போடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்: எதை அடைவது, அதற்கு என்ன செய்வது என்பவற்றில் இருவரும் உடன்பட வேண்டும். தந்தையை எதிர்கொள்ள வழி தேடி வந்தவனிடம் தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பேசிக்கொண்டிருந்தால், அடுத்த கிழமை அவன் வரமாட்டான்.