புலி, ஆடு எல்லாம் தெரியும். பெட்டியைத் திறந்தால்தான் முழி பிதுங்குகிறது!

கரிவலம்வந்தநல்லூர்:

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வெட்டு, குத்து, செயின் பறிப்பு, குடிதண்ணீர் கேட்டு மறியல் என்றுதான் செய்தி வரும். இன்று கொஞ்சம் மாறுதல். இது விளையாட்டுச் செய்தி. கிரிக்கெட் இல்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்து ஆடும் விளையாட்டு.

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் ரோட்டில், பால்வண்ணநாதர் கோவில் உள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். 2019-ம் ஆண்டு நவம்பர் வரை நெல்லை மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டம். இங்கே நண்பன் ஒருவன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 பேர் கூடினோம். நண்பன் சென்னையில் இருந்து ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். பெயர் 'கட்டான்'. ஜெர்மனி நாட்டு விளையாட்டு.

6 மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். அட்டை, மரக்கட்டை, சீட்டு, பகடை என்று தரை முழுக்கப் பரப்பியாகி விட்டது. விதிப்புத்தகம் முழுக்க இங்கிலீஷ். ஒருவன் படிக்க, ஒருவன் அர்த்தம் சொல்ல, மூன்றாவது ஆள் "அப்படி இல்லடா" என்று சண்டை போட, மணி 8½ ஆனது. ஒரு காய் நகரவில்லை. பெட்டியை மூடினோம். 4 மாதம் அது பரணில் கிடந்தது.

அதே நேரம் வெளித்திண்ணையில் நடந்ததுதான் சேதி. நண்பனின் பாட்டி சாக்பீஸ் துண்டால் கோடு கிழித்து, பேரனுக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். விதி ஒன்றும் சொல்லவில்லை. கல்லை வைத்தார். அவன் வைத்தான். தப்பாக வைத்தால் கையைத் தட்டிவிட்டார். 5 நிமிஷத்தில் பையன் ஆட்டத்துக்குள் வந்துவிட்டான்!

புலி 3, ஆடு 15

ஆடுபுலி லேசுப்பட்ட ஆட்டம் இல்லை. கோடுகள் சந்திக்கும் இடம் 23. புலி 3, ஆடு 15. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக இறக்க வேண்டும். 15-ம் இறங்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டி, அடுத்த காலி இடத்தில் உட்கார்ந்தால் ஆடு காலி. புலி நகர வழி இல்லாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. இரண்டு பக்கமும் எண்ணிக்கை வேறு, பலம் வேறு, ஜெயிக்கும் வழியும் வேறு. இந்த வகை ஆட்டத்தை இன்று மேல்நாட்டில் பெரிய பெட்டியில் போட்டுப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள்.

நம் பழைய கோவில்கள் பலவற்றில் கல்தளத்திலேயே இப்படிக் கட்டம் வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் விதிப்புத்தகம் வெட்டி வைக்கவில்லை. தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பெட்டி விளையாட்டில் அந்த ஆள் இல்லை. அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

கட்டான் என்ன ஆட்டம்?

1995-ல் கிளாஸ் டாய்பர் என்பவர் உருவாக்கியது. அவர் பல் கட்டும் தொழில்நுட்பம் படித்தவர். 2023-ல் காலமானார். ஆட்டத்தில் ஒரு தீவு. அறுகோண அட்டைகள் 19. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாதுக்கல் என்று 5 சரக்கு. பகடையில் உங்கள் வயலின் எண் விழுந்தால் சரக்கு கிடைக்கும். அதை வைத்து ரோடு போடலாம், வீடு கட்டலாம். இல்லாத சரக்கைப் பக்கத்து ஆளிடம் பேரம் பேசி மாற்றலாம். முதலில் 10 புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். கடைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பாதி ஆட்டம் பேரம்தான்!

இதில் ஒரு சூட்சுமம். இரண்டு பகடை போட்டால் 36 விதமாக விழலாம். அதில் 7 விழ 6 வழி. 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி. 2-க்கும் 12-க்கும் ஒரே ஒரு வழி. ஆகவே 6, 8 எண் உள்ள இடத்தில் வீடு போட்டவன் பிழைப்பான். 12-ல் போட்டவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் 12-ல் போட்டவன்.

எப்படிக் கற்பது?

பரணில் இருந்து பெட்டியை இறக்கியது பாட்டி வழியைப் பின்பற்றித்தான். முதலில் ஒரே ஒரு ஆள் பொறுப்பு எடுக்க வேண்டும். நண்பர்கள் வரும் நாளில் புத்தகத்தைப் பிரிக்கவே கூடாது. அதற்கு முந்தின ராத்திரி, அந்த ஆள் தனியாக உட்கார்ந்து, 3 பேர் ஆட்டத்தையும் தானே ஆடிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு மாதிரி தெரியும். பரவாயில்லை. புத்தகத்தை 3 தடவை படித்தும் புரியாதது, காய் கையில் இருந்தால் ஒரு சுற்றில் புரிகிறது.

அடுத்தது, சொல்லிக் கொடுக்கும்போது கடைசியில் இருந்து ஆரம்பியுங்கள். "10 புள்ளி எடுத்தால் ஜெயிப்பு" என்பதுதான் முதல் வாக்கியம். அப்புறம் "உன் முறை வந்தால் என்ன செய்யலாம்" என்பது. மற்றதெல்லாம் ஆடும்போது வரட்டும். முதல் ஆட்டம் கணக்கில் சேர்த்தி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் வராது. கட்டான் புத்தகத்திலேயே புது ஆட்களுக்கு என்று காய்களை வைத்துக் காட்டிய படம் இருக்கிறது. அப்படியே வைத்து ஆடலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கட்டானில் தொடங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 2000-ல் வந்த 'கார்கசோன்' சுலபம். 72 அட்டை. ஒன்றை எடு, ரோட்டோடு ரோடு, கோட்டையோடு கோட்டை பொருந்துகிற மாதிரி வை. முடிந்தது. வயலில் ஆள் படுக்க வைக்கும் விதி ஒன்று உண்டு. குழப்பும். முதல் ஆட்டத்தில் அதை விட்டுவிடுங்கள். அடுத்து 2004-ல் வந்த 'டிக்கெட் டு ரைடு'. ஊருக்கு ஊர் ரெயில் பாதை போடுவது. பொதிகை எக்ஸ்பிரசுக்குக் காத்துக்கிடந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். 2011-ல் இந்திய வரைபடமும் வந்திருக்கிறது.

காசு போடும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று. பல கம்பெனிகள் விதிப்புத்தகத்தை இண்டர்நெட்டில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. முதலில் அதைப் படியுங்கள். தலை சுற்றினால் பெட்டி வேண்டாம். யூடியூபில் ஆடிக் காட்டும் படங்களும் உண்டு. இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

சிறுவயதில் 'பிசினஸ்' ஆடியவர்கள் அதிகம். பம்பாய், மெட்ராஸ் வாங்கி விற்ற ஆட்டம். அதன் மூலம் மோனோபோலி. ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்பது மோனோபோலி விதி. ஏலம் விட்ட வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆட்டம் ராத்திரி வரை இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்!

டி.வி.யைப் பார்த்துக் கற்ற பையன்

சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விஸ்வநாதன் ஆனந்தே சாட்சி. 6 வயதில் செஸ் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார். பிறகு மெட்ராசில் 1972-ல் தொடங்கிய டால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் முயற்சியில், சோவியத் கலாசார மையத்தில் நடந்தது.

தகப்பனார் ரெயில்வே வேலையாகப் பிலிப்பைன்ஸ் போனபோது ஆனந்தும் போனார். அங்கே மத்தியானம் டி.வி.யில் செஸ் நிகழ்ச்சி. பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் விடை அனுப்புவான். பரிசு ஒரு புத்தகம். பரிசு வாங்கி வாங்கி, கடைசியில் "வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கோ, இனி விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன்.

போலீஸ் வருமா?

திண்ணையில் 4 பேர் வட்டமாக உட்கார்ந்தாலே "சூதாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. காசு வைக்காத ஆட்டத்துக்கும் சூதாட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆபத்து திண்ணையில் இல்லை, செல்போனில் இருந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் செய்தி எத்தனை வந்தது! பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை விதித்தது. செல்போனைக் கீழே வைத்த பையன் சாயங்காலம் என்ன செய்வான்? எதிரே உட்கார ஆள் வேண்டாமா?

நாங்கள் கட்டான் விதியைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டோம். 7 விழுந்தால் நகரும் கொள்ளைக்காரனுக்கு 'புலி' என்று பெயர். கம்பளிச் சீட்டுக்கு 'ஆடு'.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாமல் சீட்டைப் பார்க்க முடியவில்லை. பேரன் பக்கத்தில் இருந்து சொன்னான். 2 ஆடு கொடுத்து என்னிடம் ஒரு செங்கல் கேட்டார். நான் 3 ஆடு கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த சுற்றில் புலியை என் வயலில் கொண்டுவந்து வைத்தார். ஆட்டம் முடிந்தபோது மணி 9½. நான் போகவேண்டிய பஸ் போய்விட்டது.