எழுத்துகளைப் படிப்பவர் பகலில் இடறுவது ஏன்?

மாலைக்கண் நோயை நம் மக்கள் நன்கு அறிவர். அதற்கு மாறாக, அந்தியில் இயல்பாக நடமாடும் ஒருவர் நண்பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் வருவதைக் காணாமல் இடித்துக்கொண்டால், கவனக்குறைவு என்றே வீட்டார் கடிந்துகொள்கின்றனர்.

என்னிடம் வந்த சரக்கு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பார்வைப் பலகையைக் கடைசி வரி வரை பிழையின்றிப் படித்தார். விழித்திரையும் இயல்பாகவே தோன்றியது. "கண்ணில் குறையில்லை என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்கள், டாக்டர். ஆனால் பகலில்தான் இவர் தடுமாறுகிறார்" என்றார் அவருடைய மனைவி. 'பகலில்தான்' என்ற அந்தச் சொல்லே எனக்கு வழிகாட்டியது.

விழித்திரையில் மங்கிய ஒளிக்குக் குச்சி செல்களும், பகலொளிக்கும் நிறங்களுக்கும் கூம்பு செல்களும் பயன்படுகின்றன. கூம்பு செல்கள் ஒரு கண்ணில் ஏறத்தாழ 60 இலட்சம். அவை நடுப்பகுதியில் மிக நெருக்கமாக இருந்தாலும், எண்ணிக்கையில் பெரும்பாலானவை அதற்கு வெளியே பரவியுள்ளன. எழுத்துகளைப் படிப்பது நடுப்பகுதியின் வேலை. ஆகவே, வெளிப்புறக் கூம்பு செல்கள் மட்டும் நலிவுறும்போது பார்வைப் பலகை அதைக் காட்டாது. இது அரிய நோய். அதனாலேயே எளிதில் தவறவிடப்படுகிறது.

பார்வைப் புலப் பரிசோதனையுடன், விழித்திரையின் மின்னலைகளைப் பதியும் இ.ஆர்.ஜி. பரிசோதனையும் தேவை. வினாடிக்கு 30 முறை சிமிட்டும் ஒளிக்குக் குச்சி செல்களால் ஈடுகொடுக்க இயலாது. அப்போது பதிவாகும் அலை கூம்பு செல்களுடையது. ஓட்டுநருக்கு அந்த அலை மிகவும் தாழ்ந்திருந்தது. இருட்டில் அமரவைத்து மங்கிய ஒளியில் எடுத்த பதிவோ சீராக இருந்தது. வலியில்லாத பரிசோதனைதான். ஆயினும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் கண் கூசும்; துணையுடன் வருவது நல்லது.

நலிந்த செல்களை மீட்கும் மருந்து இன்று இல்லை. 'கண் சத்து மாத்திரை' என்று விற்கப்படுபவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். நிறமேற்றிய கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் கூச்சத்தைக் குறைக்கும். சாலையைக் கடக்கையில் தலையை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அதைவிட உதவும்.

வண்டி ஓட்டுவதை நிறுத்துமாறு சொல்வதே எனக்குக் கடினமாக இருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியென்றால் நான் கவனமில்லாதவன் இல்லை, அல்லவா?" என்று பிறகு கேட்டார். கூம்பு செல் நோய்களுள் பல மரபுவழி வருபவை என்பதால், அவருடைய தம்பியையும் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறோம்.