உழவு மெசின் டயர்: விலையைச் சொல்ல முன்னர் கேட்க வேண்டியவை

பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்ததும் வன்னியில் டயர்க் கடைகளுக்குச் சனம் வரத் தொடங்கிவிடும். பரந்தன், முரசுமோட்டைப் பக்கத்து விவசாயி வந்து கேட்கும் முதல் கேள்வி, "ஆகக் குறைஞ்ச விலையில என்ன இருக்கு?" என்பதுதான். நமது வியாபாரிகளில் பலரும் உடனே விலையைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் மெசின் எது, வேலை வயலிலா ரோட்டிலா என்று கேட்க வேண்டும். விதைப்பு வாரத்தில் மெசின் ஒரு நாள் நின்றால் அவருக்கு ஏற்படும் நட்டம், இரண்டு டயர்களின் விலை வித்தியாசத்தைவிடக் கூடியது. டயரை அறுவடை வரை கடனுக்குக் கொடுத்திருந்தால் அந்த நட்டத்தில் நமக்கும் பங்குண்டு.

முதலில் அளவு. இரண்டு சில்லு லான்ட்மாஸ்டருக்குப் பெரும்பாலும் 6.00-12 வரும். (லான்ட்மாஸ்டர் என்பது ஒரு பிரித்தானிய மெசினின் பெயர். இப்போது சீன மெசினையும் அப்படித்தான் அழைக்கிறோம்.) முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பழைய மெஸி பெர்கஸன் 135 வைத்திருப்பவர் பின் டயருக்கு 11-28 என்று கேட்பார். கடையில் 12.4-28 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே, பழைய பெயரும் புதிய பெயரும்தான் வேறு. இது தெரியாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. ஆனால் 13.6-28 வேறு டயர். விட்டம் 28 என்பதற்காக எடுத்துக் கொடுக்காமல் ரிம்மின் அகலமும் மட்காட்டுக்கு உள்ள இடைவெளியும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அளவு ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றாகிவிடாது. பெரிய மெசினின் முன் டயர் 6.00-16. பழைய ஜீப் டயரும் அதே அளவுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று ஜீப் டயரைப் பூட்டினால் ரோட்டில் ஓடும். சேற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மெசின் நேரேதான் போகும். முன் டயரில் சுற்றிவர ஓடும் மூன்று வரம்புகள் மண்ணை வெட்டித் திரும்புவதற்கென்றே வார்க்கப்பட்டவை.

வேலையைக் கேட்பதுதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். வன்னியில் ஒரே லான்ட்மாஸ்டர் காலையில் வயலை உழுது, மாலையில் பெட்டியைக் கொழுவிக்கொண்டு கிறவல் ரோட்டில் விறகும் நெல் மூட்டையும் ஏற்றுகிறது. வயல் டயரின் உயர்ந்த ரப்பர் கட்டைகள் களிக்குள் நல்ல பிடி கொடுக்கும். தார் ரோட்டில் விரைவாகத் தேயும். சேற்றுக்கு இரும்புச் சில்லு பூட்டுபவர் என்றால் அவருடைய டயருக்கு வேலை ரோட்டில்தான். அவருக்குக் கட்டை சற்றுப் பதிந்த, பி.ஆர். எண் கூடிய டயர் போதும். அந்த எண்ணை உள்ளே இருக்கும் நூல் அடுக்கின் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். முன்னர் அப்படித்தான் இருந்தது. இப்போது அது தாங்கும் பலத்தின் அளவு மட்டுமே.

பூட்டும்போது திசையையும் பாருங்கள். பின்னால் நின்று பார்க்கையில் கட்டைகளின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் நிலத்தில் கூர் முதலில் பட்டு, சேறு இரு பக்கமும் தள்ளுப்பட்டுப் போகும். மாறிப் பூட்டினால் சேறு நடுவில் அடைத்து டயர் உருளைபோல் ஆகிவிடும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதிதும் மற்றது தேய்ந்ததுமாக இருந்தால் லான்ட்மாஸ்டர் தேய்ந்த பக்கம் இழுக்கும், நாள் முழுக்கக் கைப்பிடியோடு போராட வேண்டும்.

இனி நமது பக்கத்து விஷயம். பல டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் செய்தது. ரப்பர் கடையில் சும்மா இருந்தாலும் வயதாகும். வெயிலில் அடுக்கினால் இன்னும் கெதியாக வெடிக்கும். வெல்டிங் பட்டறைக்கு அருகில் வைப்பதும் கூடாது, அங்கு உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரைக் கீறும். அழகுக்காகக் கடை வாசலில் டயர்க் கோபுரம் கட்டும் சகோதரர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

பழைய கையிருப்பை விற்பது ஹராமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் ஆலிம் அல்ல. ஆனால் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் எல்லோரும் அறிந்தது. ஐந்து வருடப் பழசென்றால் ஐந்து வருடம் என்று சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். ரீபில்ட் பண்ணியதென்றால் அதையும் சொல்லுங்கள். அளவு, பி.ஆர். எண், அந்த நான்கு இலக்கம் மூன்றையும் பில்லில் எழுதி, ஒரு பிரதியைக் கடனேட்டோடு குத்தி வையுங்கள்.