பந்தயச் சாரதிக்குத் தண்டமும் எச்சரிக்கையும்

தலவிலக் கடற்கரையில் நீரோரத்து மணல் ஈரத்தால் இறுகிக் கிடக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுதற்கு ஏற்றதாயிருக்கும். விடுமுறை மாலைகளில் இளைஞர் சிலர் அங்கே ஓட்டப் போட்டி நடத்துவர். யான் அங்குச் சென்றிருந்த ஒருநாள், தன்னை முந்த வந்தவனைக் குறுக்கே வெட்டிக் கடற்பக்கம் ஒதுக்கினான் ஒருவன், வாய்ச்சண்டை மூண்டது. தீர்ப்புக் கூறுவார் எவருமிலர். உடன் நின்ற மாணவனொருவன், "ஐயா, பெரிய பந்தயங்களில் இப்படிச் செய்தால் என்ன தண்டனை?" என்று வினவினான். அன்று யான் கூறிய விடை அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அவ்விடையின் விரிவே இக்கட்டுரை.

மோட்டார்ப் பந்தயத்திலே குற்றத்துக்குரிய தண்டம் பெரும்பாலும் பந்தயத்தின் நாணயத்திலேயே அறவிடப்படுகிறது. அந்நாணயம் காலம். பிழைசெய்தவன் ஓடிமுடித்த நேரத்தோடு 5 வினாடியோ 10 வினாடியோ கூட்டப்படும். அன்றேல், வண்டிகளைச் செப்பனிடும் தளத்தின் ஒழுங்கைவழியே வேகந் தணித்து ஒருமுறை சென்று மீளுமாறு பணிக்கப்படும். குற்றம் பெரிதாயின் அடுத்த பந்தயத்திற் பின்வரிசையிலிருந்து புறப்படவேண்டும். கறுப்புக் கொடியும் அவன் இலக்கமும் காட்டப்படின் அவன் அன்றைய பந்தயத்தினின்றும் நீக்கப்பட்டவனாவான். பணத் தண்டமும் உண்டெனினும், செல்வர் விளையாடும் ஆட்டத்திற் பணம் அத்துணை உறுத்துவதன்று.

தமிழர் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டிலே போர்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். 2012 மார்ச் 25ஆம் நாள் மலேசியாவின் செப்பாங் பாதையில், அவரை ஒரு சுற்று முந்திச் செல்ல வந்தார் அப்போதைய உலக வீரர் செபஸ்தியன் வெற்றல். இருவர் வண்டிகளும் உரச, வெற்றலின் பின்சக்கர ரயர் கிழிந்தது. நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் 11ஆம் இடத்தில் முடித்தார். நான்காம் இடத்துக்குரிய 12 புள்ளிகளும் போயின. நடுவர் கார்த்திகேயன்மீது குற்றங்கண்டு 20 வினாடி தண்டமிட்டனர். பட்டியலின் அடியில் நின்றவருக்கு 20 வினாடியால் என்ன இழப்பு? முதலிடத்துக்குப் போராடுபவன்மீது அதே 20 வினாடி விழுந்திருப்பின் வெற்றியே கைநழுவியிருக்கும். ஒரே தண்டம் ஒருவனுக்கு மலையாகவும் மற்றவனுக்குத் துரும்பாகவும் இருத்தல் இந்நாணயத்தின் குறை. வெற்றல் அன்று சினந்து பேசிய வசைமொழிகள் நடுவர் தீர்ப்பினும் கடுமையாயிருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

இக்குறையை நீக்கவே சேமித்து வைக்கப்படும் தண்டம் ஒன்று 2014இல் வகுக்கப்பட்டது. குற்றத்தின் தன்மைக்கேற்பச் சாரதியின் அனுமதிப் பத்திரத்திற் குற்றப்புள்ளி குறிக்கப்படும். 12 மாதத்துள் 12 புள்ளி சேரின் ஒரு பந்தயம் ஓடலாகாது. அவ்வெல்லையை முதன்முதல் எட்டிய கெவின் மக்னுசன் 2024இல் அசர்பைசான் பந்தயத்தை இழந்தார். இதற்குக் கீழ்ப்படியில் நிற்பது எச்சரிக்கை. குறுக்காகப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான கொடி இலக்கத்துடன் காட்டப்படின், "உன் ஒழுக்கத்தைக் கண்டோம், இனிச் செய்யற்க" என்பது பொருள். மேற்படியிலோ 1997இல் மைக்கல் சூமாக்கருக்கு நேர்ந்தது நிற்கிறது. ஸ்பெயினின் ஹெரெஸ் பாதையிற் போட்டியாளரான ஜாக் வில்நெவ்மீது வண்டியைத் திருப்பியமைக்காக, அவ்வாண்டின் இரண்டாம் இடம் முழுவதும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

இவையெல்லாம் ஓடுவோர் ஒருவருக்கொருவர் இழைத்த பிழைகள். பாதைக்குப் புறத்தே நிற்பவனுக்கு இழைத்த பிழையை எந்த வினாடியால் அளப்பது?

நம் ஈழத்திலே சாரதியின் குற்றத்துக்குத் தண்டம் விதித்த பழங்கதை இரண்டை மகாவம்சத்தின் ஒரே அதிகாரத்திற் காணலாம். இரண்டும் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றியன. அவன் மகன் செலுத்திய தேர் வழியிற் கிடந்த கன்றைக் கொன்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, அரசன் அத்தேர்ச் சக்கரத்தாலேயே மைந்தன் தலையைத் துணிப்பித்தான். திருவாரூர்ச் சோழனைப்பற்றிப் பெரியபுராணங் கூறும் கதையை இது ஒத்திருத்தலை மாணவர் அறிவர். மற்றைக் கதை அத்துணைப் பரவவில்லை. அரசன் ஏறிச்சென்ற தேரின் நுகம் பட்டு ஒரு தூபம் சிதைந்தது. அவன் இறங்கித் தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு கூற, அமைச்சர் தூபத்தைச் செப்பனிட்டாற் போதுமென்றனர். பெயர்ந்த 15 கற்களுக்காக 15,000 காசு செலவிட்டான். கல்லைப் பெயர்த்தால் மீள வைக்கலாம். கன்றை மீட்க இயலாது.

மீட்கவியலாத இழப்புக்கு முன்னே நிற்பது எச்சரிக்கை ஒன்றே. பந்தயத்தில் அதன் நிறம் மஞ்சள். முன்னே இடர் உண்டு, வேகத்தைத் தணி, முந்தாதே என்பது அசையும் மஞ்சட் கொடியின் பொருள்; இருகொடி அசையின், நிறுத்தவும் ஆயத்தமாயிரு என்பது. 2014 அக்டோபர் 5ஆம் நாள் யப்பானின் சுசூக்காவில் மழையிடையே ஒரு வண்டி பாதையை விட்டு விலகிற்று. அதை அகற்ற இழுவை இயந்திரம் வந்தது. இரு மஞ்சட் கொடிகள் அசைந்தன. பின்வந்த ஜூல் பியாங்கி கட்டுப்பாடிழந்து அவ்வியந்திரத்தின்மீது மோதினார். அடுத்த யூலையில் உயிர்நீத்தார். போதிய அளவு வேகம் தணிக்கவில்லை என்றது விசாரணைக் குழு. எனினும் தண்டனையை ஏற்றுவதோடு ஆளுநர் அமையவில்லை. கொடிகண்ட சாரதி எவ்வளவு தணிப்பது என்பதை அவன் மனத்துக்கு விட்டதே பிழை எனக் கண்டு, அனைவரும் குறித்த வேகத்துக்குள் ஓடவேண்டும் என்னும் முறையை 2015இற் புகுத்தினர்.

அதனினும் பழைய பாடம் பிரான்சின் லெ மான் நகரில் 1955 யூன் 11ஆம் நாள் கிடைத்தது. வண்டியொன்று மேலெழுந்து பார்வையாளரிடைச் சிதற, எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாக்கவில்லை. வேகங் குறைந்த காலத்து வண்டிகளுக்கென அமைந்த பாதையிலே மக்கள் மிக அருகில் நின்றனர் என்பதே அதன் முடிவு. பின்னர் அவ்விடத்துப் பாதை அகலமாக்கப்பட்டு, மக்கள் அமரும் மேடை பின்னே தள்ளி அமைக்கப்பட்டது.

ஏறத்தாழ எழுபது ஆண்டின்பின் அதே வினா நம் மலைநாட்டில் எழுந்தது. 2024 ஏப்பிரல் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில் இராணுவத்தின் பொக்ஸ் ஹில் பந்தயம் ஐந்தாண்டு இடைவெளியின்பின் நடந்தது. மண்பாதை, புழுதி, புத்தாண்டு விடுமுறைக் கூட்டம். ஒரு வண்டி கவிழ்ந்தது. வேகந் தணிக்குமாறு மஞ்சள் எச்சரிக்கை காட்டப்பட்டதாகச் செய்திகள் கூறின. ஆயினும் பின்வந்த வண்டியொன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எழுவர் மாண்டனர், இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. நால்வர் பந்தயப் பாதையிலே பணிபுரிந்த உதவியாளர். பொலிசார் சாரதிகளைக் கைது செய்தனர். இராணுவம் விசாரணைக்குழு அமைத்தது. வினாடித் தண்டமும் குற்றப்புள்ளியும் இங்கே வாய்திறக்கவியலா. சாரதி கொடியைக் கண்டானா, புழுதியிற் காணவியலுமா, கண்டபின் நிறுத்தும் தூரம் இருந்ததா என்று வினவுதல் முறையே. அவ்வினாக்களுக்கு எவ்விடை வரினும், தடுப்புக்கும் பாதைக்கும் இடையே எத்தனை அடி இருந்தது என்னும் வினா சாரதியை நோக்கியதன்று; பந்தயம் நடத்துவோரை நோக்கியது.

இவற்றை எழுதத் தொடங்கியபின் மீண்டும் ஒருமுறை தலவிலக்குச் சென்றேன். போட்டி நடந்துகொண்டிருந்தது. இம்முறை குறுக்கே வெட்டுபவன் ஒரு சுற்று நிற்கவேண்டும் என்று அவர்களே விதி செய்திருந்தனர்; என் மாணவன் சொல்லிக்கொடுத்தானாம். சிறுவர் வழக்கம்போல் வரிசையாக நின்று கைதட்டினர். ஓட்டம் முடிந்தபின் சக்கரத் தடத்திலிருந்து அவர்கள் நின்ற இடம் வரைக்கும் காலடியால் அளந்து பார்த்தேன். ஆறடி.