பின்வில்லும் பிரயாணியின் உயிரும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் யந்திரத்தின் ஓசைக்குச் செவிகொடுப்பர். சில்லுகளின் காற்றையும் தவறாது பார்ப்பர். ஆயின், வண்டியின் பின்புறத்துக்கு அடியிலே சேறும் துருவும் படிந்து கிடக்கும் வில்லுகளை, அவை முறியும்வரை நினைப்பவர் சிலரே.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971 வரை செய்யப்பட்ட அவ்வண்டி, நமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றது. அதன் பின்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வில்லுகள் உள. நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்த உருக்குத் தகடுகளை அடுக்கி, நடுவே ஒரு போல்ற்றினால் இறுக்கியதே வில். அதன் முன்முனை, இடையில் றப்பர் புஷ் வைத்து, வண்டியின் அடிப்புறத்தோடு பூட்டப்பட்டுள்ளது. பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமாதலால், பின்முனை சக்கிள் எனும் அசையும் இணைப்பிலே தொங்குகின்றது. லாடம்போல் வளைந்த போல்ற்றுகள் பின்அச்சை வில்லோடு பிணைக்கின்றன.

ஆகவே, வில் பாரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை அதனிடத்திலே பிடித்து வைத்திருப்பதும் அதுவே. முதற்றகடு முறிந்தால் அச்சு நழுவும். வளைவிலே அது நிகழின் வண்டி சாரதியின் கைக்கு அடங்காது.

பழுதை அறிவது எங்ஙனம்? வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இருபுறமும் அளந்து பாருங்கள். ஒருபுறம் தாழ்ந்திருப்பின் ஐயங்கொள்ளலாம். பின்னர்ச் சேற்றைச் சுரண்டி, தகடுகளிற் குறுக்கு வெடிப்பு உண்டோ என நோக்குக. நடுப்போல்ற்றின் துளையருகிலும் முனை வளையத்தருகிலும் சிறப்பாகத் தேடுக. குழியில் இறங்குந்தோறும் 'டக்' எனும் ஓசை எழுமாயின் றப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். ஈரமணலில் நேராகச் செலுத்தித் தடத்தையும் பாருங்கள். பின்தடங்கள் இரண்டும் ஒரே பக்கமாக விலகியிருப்பின், நடுப்போல்ற்று அறுந்து அச்சு பெயர்ந்திருக்கக்கூடும். வண்டியின் பின்மூலையை அழுத்தி விட்டதும் அது பலமுறை துள்ளினால், குற்றம் வில்லில் அன்று, அதிர்வைத் தணிக்கும் ஷொக் அப்சோபரிலே எனக் கொள்க.

முறிந்த தகட்டை மாத்திரம் மாற்றுவதும், தாழ்ந்த வில்லுக்கு மேலதிகமாக ஒரு தகட்டைச் செருகுவதும் சிக்கனம்போலத் தோன்றும். களைத்த தகடும் புதிய தகடும் பாரத்தை ஒப்பப் பகிர்வதில்லை. இரு பக்கத்து வில்லுகளையும் ஒருங்கே மாற்றுவதே முறை. வில் பூட்டப்படும் இடத்து இரும்பு துருவேறி உக்கியிருந்தால், முதலில் அதனை வெட்டி ஒட்டுவித்தல் வேண்டும். உக்கிய இரும்பிற் புதுவில் நில்லாது.

மாற்றும்போது முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை உயர்த்தி, வண்டியின் உடலை உறுதியான இரும்புத் தாங்கிகளில் இருத்துக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டிக்கடியிற் புகுந்தோர் உயிரிழந்ததுண்டு. செங்கல்லும் பாரத்தில் நொறுங்கும். அச்சுக்குத் தனியே வேறொரு ஜக் கொடுக்க. இல்லையேல் அச்சு தொங்கி, பிறேக்கின் றப்பர்க் குழாயை இழுத்துவிடும். துருவேறிய போல்ற்றுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு வைப்பது நன்று. அச்சுப் போல்ற்றுகளையும் புஷ்களையும் புதியனவாகவே இடுக. புஷ்ஷுக்குக் கிறீஸ் பூசலாகாது. அது றப்பரை ஊதச் செய்யும். புது வில்லின் நடுப்போல்ற்றுத் தலை, அச்சிலுள்ள குழியிற் சரியாக அமரவேண்டும்.

இறுதியாக ஒன்று. முனைப் போல்ற்றுகளை, வண்டி சில்லுகளின்மேல் நின்று தன் பாரத்தைத் தாங்கிய பின்னரே முற்றாக இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகி விரைவிற் கிழியும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

அடுத்த முறை வண்டியைக் கழுவும்போது ஒரு வாளி நீரைப் பின்வில்லுக்கும் ஒதுக்குங்கள். வெடிப்பு வீட்டு முற்றத்திலே தெரிந்துவிட்டால், வீதியிலே அதனால் விபத்து நேராது.